இளந்தாய்மாரும் இணையவழி நலச்செய்தியும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு 'கல்வியும் சமுதாய முன்னேற்றமும்' என்பதாகும். இத்தலைப்பில் இதே மேடையில் பலர் பேசக் கேட்டிருக்கிறோம். நானும் இருமுறை பேசியிருக்கிறேன். கல்வி வேண்டும் என்று இனியும் உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே குழுவினரின் இசைவைப் பெற்று, அப்பெருந்தலைப்பின் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொண்டேன். நம் தெருக்களில் 19, 20 வயதில் தாயாகின்ற பெண்கள், தம் உடல்நலம் பற்றியும் பிள்ளையின் உடல்நலம் பற்றியும் இன்று எங்கே கேட்டறிகின்றனர்? கேட்டறிவதை எவ்வாறு எடை போடுகின்றனர்? இதுவே என் பேச்சின் பொருள்.

தலைநரைத்த ஆசிரியன் ஒருவன் மகப்பேறு பற்றிப் பேசுவதா என்று எவரேனும் புன்முறுவல் கொள்ளலாம். கொள்ளட்டும். என் பள்ளியில் முதல் வகுப்பிற்குப் பிள்ளையைச் சேர்க்க வருகின்ற தாயரிற் பலர் என்னிடமே படித்தவர்கள். இடுப்பில் ஒரு கைக்குழந்தையும் கையில் ஒரு கைப்பேசியுமாக வருவார்கள். பதிவேட்டில் பெயர் எழுதி முடிப்பதற்குள் வீட்டு நிலை, உடல் நிலை யாவும் சொல்லி விடுவார்கள். பெண்கள் ஆசிரியரிடம் பேசுவதை ஊர் இன்னும் குற்றமாகக் கொள்ளவில்லை. அவ்வாறு கேட்டவற்றிலிருந்தே பேசுகிறேன்.

கைப்பேசி நம் வீடுகளுக்குள் வந்த வழி நீங்கள் அறிந்ததே. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு இணையத்தின் விலை சரிந்தது. பின்னர் 2020இல் கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் பாடத்திற்கென்று கூலி வேலை செய்யும் பெற்றோரும் கடன்பட்டுத் தொடுதிரைப் பேசி வாங்கினர். பிள்ளை பாடம் படித்ததோ இல்லையோ, அப்பேசி வீட்டில் தங்கிவிட்டது. ஆயினும் அது யார் கையில் தங்கியது என்பதையும் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் நூற்றுக்கு 57 பேர். பெண்கள் 33 பேரே. கிராமப்புறப் பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய நால்வரில் ஒருவர். ஆய்வு நடந்த பின் இந்த எண்கள் உயர்ந்திருக்கக்கூடும். ஆனால் கணவன் உறங்கிய பின் அவன் பேசியை எடுத்து, ஒலியைக் குறைத்துக் காதோடு வைத்துக் கேட்கின்ற பெண்ணை எந்த ஆய்வும் தனிக் கணக்கில் எழுதுவதில்லை.

அவள் ஏன் அதனிடம் கேட்கிறாள்? இங்கேதான் நாம் சற்று நின்று எண்ண வேண்டும்.

முன்பு நம் தெருக்களில் மருத்துவச்சிப் பாட்டிகள் இருந்தனர். அவர்கள் அறிந்தவற்றில் நல்லதும் உண்டு. சீம்பாலைப் பீய்ச்சி நிலத்தில் விடுவது, பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாக வைப்பது போன்ற தீயதும் உண்டு. ஆனால் ஒரு கிழவி பக்கத்தில் இருந்தாள். நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் எழுந்து வந்தாள். இன்று தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்கின்றன. இது சாதாரணச் சாதனையன்று. பிற மாநிலத்தார் வந்து பார்த்துச் செல்லும் நிலை. பாட்டியின் இடத்திற்குக் கிராம சுகாதாரச் செவிலியர் வந்தார். அவர் பல ஆயிரம் மக்களுக்கு ஒருவர். தடுப்பூசி, கணக்கேடு, கூட்டம், கணினிப் பதிவு என்று அவருக்கும் மூச்சு விட நேரமில்லை. நல்லுள்ளம் படைத்த செவிலியர் பலரை நான் அறிவேன். ஆனால் ஊர்த் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்துகொண்டு, நம் குடியிருப்புப் பெண்களை அங்கே வரச் சொல்பவரையும் அறிவேன். அத்திண்ணையில் நம் பெண் எங்கே நிற்பாள், எதைக் கேட்பாள்? 2025 ஏப்ரலில் 'காலனி' என்னும் சொல்லை அரசு ஆவணங்களினின்று நீக்குவதாகத் தமிழக முதலமைச்சர் அறிவித்தார், மகிழ்ச்சியே. திண்ணை இன்னும் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

என் பழைய மாணவி ஒருத்தி சொன்னதை அவள் சொல்லிலேயே தருகிறேன்: "சார், ஆஸ்பத்திரியில் கேட்டால் 'இதுகூடத் தெரியாமல் பிள்ளை பெற்றுக்கொண்டாயா' என்று எல்லார் முன்பும் திட்டுவார்கள். போன் திட்டாது."

போன் திட்டாது. எந்தத் தெரு என்று கேட்காது. ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டாலும் முகம் சுளிக்காது. எழுதத் தயங்குபவள் வாயால் தமிழில் கேட்டாலும் விடை சொல்லும். ஒரே அறையுள்ள வீட்டில் மாமியாரும் கொழுந்தனும் இருக்க, வாய்விட்டுக் கேட்க முடியாத ஐயங்களை அவள் வேறு யாரிடம் கேட்பாள்? ஆகையால் 'பெண்கள் செல்லும் கையுமாய்க் கெட்டுப் போகிறார்கள்' என்று நம் பெரியவர்கள் சிலர் பேசுவதை நான் ஒப்பவில்லை. கேட்பதற்கு வேறிடம் அடைக்கப்பட்டவள் திறந்திருக்கும் வாயிலைத் தட்டுகிறாள்.

அங்கே அவள் பெறும் நன்மையையும் சொல்ல வேண்டும். குழந்தை பிறந்த சில நாட்களில் காரணமின்றி அழுகை, உறக்கமின்மை, பிள்ளையைத் தொடவே விருப்பமின்மை ஆகியவை சில தாயர்க்கு நேரும். நம் பக்கத்தில் இதைக் காற்றுக் கருப்பு என்று சொல்லி மந்திரிக்க அழைத்துச் செல்வர். இது மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு, மருத்துவத்தால் தீரக்கூடியது என்பதை ஒரு பெண் காணொளி வழியே அறிந்து, தன் தங்கையை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதை நான் அறிவேன். பால் போதவில்லையோ என்ற அச்சம் இளந்தாயர் அனைவர்க்கும் உண்டு. பிள்ளை அடிக்கடி சப்பச் சப்பத்தான் பால் ஊறும். நாளொன்றுக்கு ஆறு முறைக்குமேல் சிறுநீர் கழிக்குமானால் பால் போதுகிறது என்று கொள்ளலாம். ஆறு மாதம் வரை கோடையிலும் தாய்ப்பாலன்றித் தண்ணீர்கூட வேண்டுவதில்லை. இவை யாவும் இணையத்தில் நல்ல தமிழில் கிடைக்கின்றன. பிக்மி எண் பெறுவதையும், டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் விவரங்களையும் அங்கே அறியலாம். அத்திட்டத்தின் உதவி 2018இல் 18,000 ரூபாய் மதிப்பிற்கு உயர்த்தப்பட்டது என்பதைத் தன் பேசியில் படித்தறிந்த பெண்ணை இடைத்தரகன் எவனும் ஏமாற்ற முடியாது.

நிற்க. குறை எங்கே வருகிறது?

இணையத்தில் பொய் மலிந்திருக்கிறது என்பது எல்லாரும் சொல்வது. அதனினும் நுட்பமானதொரு குறையை நான் முதலில் சொல்ல விரும்புகிறேன். அங்கே கிடைக்கும் உண்மையும் இவளைக் கண்டு சொன்னதன்று. ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள் என்று கண்டனர். கருவுற்ற பெண்ணொருத்தி 'இரத்தம் ஊற என்ன சாப்பிட வேண்டும்' என்று பேசியைக் கேட்கிறாள். முருங்கைக்கீரை, பேரீச்சை, கேழ்வரகு, வெல்லம் என்று காணொளி அடுக்குகிறது. தவறில்லை, உண்ணத்தக்கவையே. ஆனால் கருவுற்றவளுக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தாலே சோகை. 7 கிராமுக்குக் குறைந்தால் அது கடுஞ்சோகை. 10 கிராம் உள்ளவளும் 6 கிராம் உள்ளவளும் அதே காணொளியைப் பார்க்கிறார்கள். முன்னவள் இரும்புச்சத்து மாத்திரையோடு கீரையும் உண்டு தேறுவாள். பின்னவளுக்கு மருத்துவமனையில் ஊசி வழியாக இரும்புச்சத்தோ, வேண்டுமாயின் இரத்தமோ ஏற்ற வேண்டும். அவள் பேரீச்சை தின்றுகொண்டு வீட்டில் இருப்பாளாயின், பிரசவத்தில் பிறர் தாங்கும் இரத்தப்போக்கை அவளால் தாங்க இயலாது.

அந்த எண் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? அவளுடைய தாய் சேய் நல அட்டையில். ஒவ்வொரு பரிசோதனையிலும் எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் யாவும் அதில் குறிக்கப்படுகின்றன. நம் பெண்கள் அவ்வட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ரேஷன் கார்டோடு பெட்டியில் பூட்டி வைக்கிறார்கள். செவிலியர் கேட்டால் எடுத்து நீட்டுகிறார்கள். பத்தாம் வகுப்பு தேறியவளும் அதைத் திறந்து படிப்பதில்லை. அது செவிலியருடைய தாள் என்ற எண்ணம். தன் உடம்பின் கணக்கு தன் கையில் இருக்க, அதைப் படியாமல் எங்கோ ஓர் ஊரில் இருப்பவர் சொல்வதை நள்ளிரவில் கேட்டுக்கொண்டிருக்கிறாள். முதலில் அட்டையைப் படி, பிறகு பேசியைக் கேள் என்றே என்னிடம் வரும் பெண்களுக்குச் சொல்லி வருகிறேன். மாத்திரை உண்டால் மலம் கறுத்துப் போகும், அஃது இயல்பே, தேநீரோடு சேர்த்து உண்ணலாகாது என்பனவற்றையும் உடன் சொல்வதுண்டு. கறுப்பைக் கண்டு அஞ்சி மாத்திரைகளைக் கூரையில் செருகி வைக்கும் வழக்கம் நீங்கள் அறியாததன்று.

இனி, வெளிப்படையான பொய்களுக்கு வருவோம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா நோய்களுக்கான தடுப்பூசி முகாம் தமிழகமெங்கும் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயதிற்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிகளிலும் ஊசி போடப்பட்டது. அந்த ஊசியால் பிள்ளை பெறும் ஆற்றல் போய்விடும், உயிருக்கே கேடு என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் செய்தி பறந்தது. பெற்றோர் பலர் ஊசி நாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. சிலர் வகுப்பறை வாயிலில் நின்று அழைத்துப் போனார்கள். முகாமின் நாட்களை மார்ச்சு வரை நீட்டிக்க நேர்ந்தது. அச்செய்தியை அனுப்பியவன் யார் என்று அப்பெற்றோரைக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. 'குரூப்பில் வந்தது' என்பதே விடை. 2018இல் திருப்பூரில் யூடியூப் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஓர் இளந்தாய் உயிரிழந்ததை நாளேடுகளில் படித்தோம். அது கல்லாதவர் வீட்டில் நிகழ்ந்ததன்று என்பதையும் இங்குள்ள பட்டதாரி இளைஞர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

குங்குமப்பூவைப் பற்றியும் ஒரு சொல் சொல்லாமல் விட மனமில்லை. பாலில் குங்குமப்பூக் கலந்து குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்று நூற்றுக்கணக்கான காணொளிகள் உள்ளன. நாள் கூலிக்குப் போகும் வீட்டில் ஒரு கிராம் குங்குமப்பூ வாங்குகிறார்கள்! பிள்ளையின் நிறம் பெற்றோர் வழி வருவது; பூவுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அப்பணத்திற்கு முட்டை வாங்கியிருக்கலாம். நம் நிறத்தின் மீது நமக்கே இவ்வளவு வெறுப்பை ஊட்டியவர் யார் என்பது வேறொரு நாள் பேச வேண்டிய பொருள்.

விற்பனையாளர் இங்கே நுழைகின்றனர். இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கான பால்மாவு, உணவு வகைகளை விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டமும் 2003இல் அதற்கு வந்த திருத்தமும் தடுக்கின்றன. எனவே, தாய்ப்பால் பெருக்கும் பொடி, அறிவு வளர்க்கும் லேகியம் என்று வேறு வேடத்தில் வருகிறார்கள். வயிற்றுப்போக்குக்கு ஒரு பொட்டலம் உப்பு சர்க்கரைக் கரைசல் பொடியை ஒரு லிட்டர் நீரில் கரைத்துத் தர வேண்டும். அரசு மருத்துவ நிலையத்தில் அது விலையின்றிக் கிடைக்கும். ஆனால் அதே பெயரைத் தாங்கிய இனிப்புப் பானங்கள் கடைகளில் அட்டைப் பெட்டியில் விற்றன. உரிய அளவில் அமையாத பானங்கள் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற பெயரைச் சூடலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆணையிட்டது 2025 அக்டோபரில்தான்.

நாம் ஒன்று கேட்டால் இணையத்தில் முதலில் வந்து நிற்பது மெய்யானது என்பதற்காக வந்து நிற்பதில்லை. பலர் பார்த்தது, நெடுநேரம் பார்த்தது, பணம் கொடுத்து முன்னே நிறுத்தப்பட்டது ஆகியவை முன்னே வருகின்றன. ஒரு முறை அச்சமூட்டும் காணொளியைப் பார்த்தவளுக்கு அடுத்தடுத்து அச்சமூட்டுபவையே வந்து சேரும். பேசி தன் மனத்தை அறிந்து சொல்வதாக அவள் எண்ணுகிறாள்.

1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் கிழமை இதழைத் தொடங்கினார். அவர் சித்த மருத்துவரும் ஆவார் என்பதை நம் இளைஞர்களில் பலர் அறியார். ஒரு பைசாவுக்கு அறிவு கிடைக்க வேண்டும் என்று அவர் கருதியது இன்று அதனினும் மலிவாக நிறைவேறியிருக்கிறது என்றே சொல்லலாம். ஆனால் அவ்விதழுக்கு ஓர் ஆசிரியர் இருந்தார்; இராயப்பேட்டையில் ஒரு முகவரி இருந்தது. ஐயமுற்றவர் போய்க் கேட்கலாம், மறுத்தும் எழுதலாம். நம் பெண் நள்ளிரவில் கேட்கும் குரலுக்கு முகவரி இல்லை.

ஆகவே அம்முகவரியை நாம் ஏற்படுத்தித் தர வேண்டும் என்பதே நான் இச்சங்கத்தின் முன் வைக்கும் வேண்டுகோள். 25 ஆண்டுகளுக்கு முன் மாலை வகுப்பாகத் தொடங்கிய சங்கம் இது. இதன் உதவித்தொகையில் படித்துச் செவிலியரானவர்களும், மருந்தாளுநர் படிப்பு முடித்தவர்களும் இந்த அரங்கிலேயே அமர்ந்திருக்கிறார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாலை, சங்கக் கட்டிடத்தில் அவர்கள் இரண்டு மணி நேரம் இருந்தால் போதும். மருத்துவம் பார்க்க வேண்டுவதில்லை, பார்க்கவும் கூடாது. தாயர் தம் அட்டையைக் கொண்டு வரட்டும். அதைப் படிக்கக் கற்றுக் கொடுக்கட்டும். பேசியில் பார்த்ததைக் காட்டட்டும். சொல்பவர் யார், மருத்துவரா வணிகரா, முடிவில் எதையேனும் விற்கிறாரா, எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று சொல்கிறாரா என்று உடனிருந்து பார்க்கப் பழக்கட்டும். நான்காம் வகுப்புப் பிள்ளைக்குக் கூட்டல் சரிபார்க்கக் கற்றுத் தருவது போன்றதே இது.

பேசியிடம் கேட்கவே கூடாத வேளைகளும் உள. கருவுற்ற பெண்ணுக்குத் தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், வலிப்பு, இரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைதல். பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சல் அல்லது துணி நனைந்துகொண்டே இருக்கும் உதிரப்போக்கு. குழந்தை பால் குடியாமை, மூச்சிரைப்பு, துவண்டு கிடத்தல். இவற்றில் ஒன்று கண்டாலும் காணொளி தேடும் நேரம் உயிருக்குரிய நேரம். 2008 முதல் தமிழகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் 108 வண்டியை அழைக்க வேண்டும். அவசரமில்லாத ஐயங்களுக்கு 104 என்ற எண்ணில் கேட்கலாம்; 2020இல் தொடங்கிய இ-சஞ்சீவனி வழியாக வீட்டிலிருந்தபடியே அரசு மருத்துவரைக் கண்டு பேசலாம். அதே பேசிதான், மறுமுனையில் பொறுப்புள்ள ஒருவர் இருக்கிறார்.

இளைஞர்களே, உங்களிடம் தனியே ஒன்று. 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் ஆலைப் பெண்களுக்கான மகப்பேற்று நல மசோதாவை ஆதரித்துப் பேசியவர் டாக்டர் அம்பேத்கர். அவர் படத்திற்கு மாலையிடும் நாம், மனைவி கருவுற்றிருக்கும்போது அவள் அட்டையை ஒருமுறையேனும் திறந்து பார்த்திருக்கிறோமா? எத்தனை வீட்டில் அவளுக்கென்று ஒரு பேசி உண்டு? உங்களிடம் இரண்டு பேசி இருக்குமானால் ஒன்றை அவளிடம் கொடுங்கள். கடவுச்சொல்லை அவளே வைத்துக்கொள்ளட்டும். அவள் எதைத் தேடினாள் என்று திறந்து பார்த்து நகையாடும் வழக்கத்தை விடுங்கள். பரிசோதனை நாளில் ஒரு நாள் கூலியை விட்டு உடன் செல்லுங்கள். கணவன் அருகே நிற்கையில் செவிலியரின் குரலும் சற்றுத் தணிவதை நான் கண்டிருக்கிறேன். திண்ணையில் நின்று கேட்கச் சொல்வாராயின், எங்கள் தெருவுக்கு வாருங்கள் என்று மரியாதையோடு எழுத்து மூலம் கேளுங்கள். மனு எழுதத் தெரியாதவர் இங்கே எவருமில்லை.

சங்கக் கட்டிடத்தின் வெளிச்சுவரில் 108, 104 ஆகிய எண்களை ஓராள் உயரத்திற்கு எழுதி வைக்கச் செயலாளர் இசைந்திருக்கிறார். வாய்திறந்து கேட்கக் கூசும் பெண்கள் பெயரின்றி எழுதிப் போட ஒரு கேள்விப் பெட்டி வேண்டும் என்று கேட்டேன். அதை என் செலவில் செய்வித்துத் தருகிறேன். அதன் சாவி செவிலியர் படிப்பு முடித்த நம் பெண்களிடமே இருக்கட்டும். ஆண்கள் எவரிடமும், என்னிடமும்கூட, வேண்டாம்.